நனையாத டப்பா

என் மகன் ஜேக் முதன்முதலாகச் செய்து கொண்டுவந்த சென்சாரைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. காலி ஊறுகாய் டப்பா ஒன்று. அதற்குள் ஒரு போர்டு, ஒரு பேட்டரி. மூடிமேல் தீப்பெட்டி அளவில் ஒரு சோலார் தகடு. டப்பாவின் அடியில் ஓட்டை போட்டு ஒயரை வெளியே இழுத்து, அதன் நுனியில் கறுப்பாக ஒரு பட்டையைத் தொங்கவிட்டிருந்தான். அந்தப் பட்டையை மண்ணில் செருகிவிட்டால் போதுமாம். மண்ணில் எவ்வளவு ஈரம் இருக்கிறதென்று அளந்து, எங்கள் வீட்டு வைஃபை வழியாகச் சரவணம்பட்டியில் இருக்கும் அவனுடைய செல்போனுக்குச் சொல்லிவிடுமாம். ஓட்டையைச் சுற்றி ஹாட் க்ளூவை அப்பியிருந்த அழகு, சளி பிடித்த குழந்தையின் மூக்குப் போல இருந்தது. நான் அறிவியல் டீச்சராக வேலை பார்த்தவள். பள்ளிக்கூடக் கண்காட்சிக்கு ஒரு பையன் இதைக் கொண்டுவந்திருந்தால் பின்வரிசை மேசையில், தூணுக்குப் பின்னால்தான் இடம் கொடுத்திருப்பேன்.

"அம்மா, நீங்க செடிக்கு அள்ளி அள்ளி ஊத்தறீங்க. வேரு அழுகிப் போவுது. எப்ப ஊத்தோணும்னு இனி இது சொல்லுமுங்க" என்றான்.

மொட்டைமாடியில் பெயிண்ட் வாளிகளில் கத்திரி, மிளகாய், ரோஜா, கறிவேப்பிலை என்று நான்கு வைத்திருக்கிறேன். இவன் பிறப்பதற்கு முன்பிருந்தே செடி வளர்க்கிறவளுக்கு இவன் ஊறுகாய் டப்பாவை வைத்துப் பாடம் நடத்துகிறான். பெற்ற வயிறு பொறுத்துக்கொண்டது.

சிங்காநல்லூரிலிருந்து சரவணம்பட்டி ஒன்றும் சீமையில் இல்லை. காரும் வைத்திருக்கிறான். ஆனால் ஐயா கிறிஸ்துமஸுக்கு வருவார், ஈஸ்டருக்கு வருவார், அவ்வளவுதான். "ஒருக்கா வந்துட்டுப் போ கண்ணு" என்று போனில் கூப்பிட்டால் "பாக்கலாம்மா, டிராபிக் ஜாஸ்திங்க" என்பான். அந்த டிராபிக் அவனைத் தவிர ஊரில் எல்லாரையும் எங்கள் தெருவுக்கு விட்டுக்கொண்டுதான் இருந்தது. இப்படிப்பட்டவன் மாடிக்கு வந்து நான்கு வாளிகளிலும் நான்கு டப்பாவைச் செருகிவிட்டுப் போன அடுத்த வாரம் ஒரு மழை பெய்தது. மூன்று டப்பாவுக்குள் தண்ணீர். நான்காவதில் எறும்பு குடியேறியிருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை பூசை முடிந்து நாங்கள் வீடு திரும்பியபோது கேட்டுக்கு முன்னால் அவனுடைய கார் நின்றுகொண்டிருந்தது.

"சென்சார் நாலும் ஆஃப்லைன் போயிருச்சுங்கம்மா, அதான் வந்தேன்" என்றான். அம்மா அப்பா ஆன்லைனில் இருக்கிறோமா இல்லையா என்று கேட்க வரவில்லை. டப்பாவைக் கேட்க வந்திருக்கிறான். இருந்தாலும் வந்தான். மத்தியானம் கறிக்குழம்பு ஊற்றி மூன்று முறை சோறு போட்டுக்கொண்டான். அன்றைக்கே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. நான் கூப்பிட்டால் வராதவன், டப்பா செத்தால் வருவான்.

இரண்டாவது முறை ஹாட் க்ளூவைச் சுரண்டிவிட்டு சிலிக்கான் பசையால் டப்பாவை ஊசி முனை இடமில்லாமல் அடைத்தான். பசையில் வினிகர் வாடை அடித்தது. வினிகர் வாடை என்றால் அமிலம், அமிலம் செம்பைத் தின்னும் என்று நான் எத்தனை பிள்ளைகளுக்குப் போர்டில் எழுதிப்போட்டிருப்பேன். சொந்தப் பிள்ளைக்குச் சொல்லவில்லை. சொல்வேனா? பத்தே நாளில் உள்ளே செம்பெல்லாம் பச்சை பூத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கார் வந்தது.

மூன்றாவது முறை பெண்டாட்டி லின்சியின் நெயில் பாலிஷை எடுத்துவந்து பட்டைகளின் ஓரத்தில் தடவினான். ஈரம் ஓரத்தின் வழியாகத்தான் ஊறி ஏறுமாம், நெயில் பாலிஷ் தடுக்குமாம். கருஞ்சிவப்பு. நான்கு பட்டைகளும் கல்யாணத்துக்குப் புறப்பட்டது மாதிரி நின்றன. இந்த முறை நல்ல பிளாஸ்டிக் பெட்டி, திருகாணி போட்ட மூடி, ரப்பர் வாஷர். மழை வந்தது, போனது, டப்பா அசையவில்லை. இரண்டு ஞாயிற்றுக்கிழமை கறி எடுத்து வைத்துவிட்டு நானும் அவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு சாப்பிட்டோம்.

மூன்றாவது சனிக்கிழமை சாயங்காலம் நான் திருப்புளியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். எங்கள் போர் தண்ணீரே உப்புத்தான். அதில் இன்னும் ஒரு கல் உப்பைக் கரைத்து, ஒவ்வொரு டப்பாவிலும் பேட்டரி தொடுகிற இடத்தில் ஒரு ஸ்பூன் விட்டு, மூடியைப் பழையபடி திருகி வைத்தேன். எந்த இடத்தில் விட்டால் சாகும் என்று எனக்குத் தெரியும். சும்மாவா சம்பளம் வாங்கினேன்?

ஞாயிற்றுக்கிழமை கார் வந்தது.

"கண்டென்சேஷனுங்கம்மா. பகல்ல சூடு, ராத்திரில குளிரு. உள்ள இருக்கற காத்துல இருந்தே தண்ணி வந்துருது" என்று எனக்கு விளக்கினான்.

"அப்படியா கண்ணு" என்றேன்.

மழையே இல்லாத வாரத்தில், வாரம் தவறாமல், சனிக்கிழமை சாயங்காலம் மட்டும், நான்கு டப்பாவிலும் ஒரே நேரத்தில் வருகிற கண்டென்சேஷன். இதை ஏன் என்று கேட்கத் தெரியாதவனுக்குத்தான் இன்ஜினியர் என்று பட்டம் கொடுத்து, கண்ணாடிக் கட்டடத்தில் உட்காரவைத்து, மாதாமாதம் சம்பளமும் கொடுக்கிறார்கள். அந்தக் கம்பெனி நன்றாக இருக்கட்டும்.

ஆனால் ஒன்று. அந்த ஞாயிற்றுக்கிழமைகளை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்கமாட்டேன். ஜேக்குக்குக் கை வேலையில் இருந்தால்தான் வாய் திறக்கும். சின்ன வயதிலிருந்தே அப்படி. மாடியில் தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்து சோல்டர் இரும்பால் ஒயரைப் பற்றவைப்பான். நான் எதிரே முக்காலியில் உட்கார்ந்து திருகாணிகளை உள்ளங்கையில் வைத்திருப்பேன். முகத்தைப் பார்க்காமல், ஒயரைப் பார்த்துக்கொண்டே சொல்லுவான். பிரஷர் மாத்திரை போட ஆரம்பித்திருப்பதை அப்படித்தான் சொன்னான். லின்சிக்கு மூன்றாம் மாதத்தில் கலைந்துபோனதை அப்படித்தான் சொன்னான். போனில் இத்தனை நாளும் "நல்லாருக்கோமுங்க" என்றவன்தான். நான் எழுந்துபோய்த் தலையைத் தடவினேன். "பாத்துங்கம்மா, இரும்பு சூடு" என்றான், அவ்வளவுதான். ஆனால் தலையை நகர்த்தவில்லை.

ஐப்பசி பிறக்கப் போகிற சமயத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான்காவது டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, "அம்மா, ஆபீஸ்ல ஒண்ணு கேக்கறாங்க. நான் இன்னும் பதில் சொல்லலீங்க" என்று ஆரம்பித்தான். திருகாணியைக்கூட அசைக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

அந்த நேரம் பார்த்து மாடிப்படியில் அவனுடைய அப்பாவின் வழுக்கைத்தலை எழுந்தது.

என் வீட்டுக்காரர் பாக்கியசாமியைப் பற்றி ஒரு வார்த்தை. சிங்காநல்லூரில் மோட்டார் வைண்டிங் பட்டறை வைத்திருந்தவர். போர் குழிக்குள் இறக்குகிற சப்மெர்சிபிள் மோட்டாருக்கு அவர் போட்ட ஒயர் ஜாயின்ட் ஒன்றுகூட ஒழுகியதில்லையாம். இந்த ஒரு பெருமையை மூன்று வேளையும் சோற்றுக்குத் தொட்டுக்கொள்வார். பட்டறையை விற்ற பிறகு அவருக்கு வேலை, அடுத்தவன் செய்த வேலையைக் காறித் துப்புவதுதான். பிளம்பர் போட்ட குழாய், மாநகராட்சி போட்ட ரோடு, சாமியார் வைத்த பிரசங்கம், எதுவும் அவர் கண்ணுக்குத் தேறாது.

"சீ, இதென்னடா ஒட்டு?" என்று டப்பாவைப் பிடுங்கினார். "எம் மவன்னு வெளிய சொல்லிராத. ரப்பர் வாஷரை நம்பி மழைக்குள்ள வெக்கறவன் எவன்டா? நவுரு."

"அப்பா, அதுல எலக்ட்ரானிக்ஸ் இருக்குங்க..."

"மோட்டாருக்குள்ள மட்டும் என்ன மயிலிறகா இருக்குது?"

நான்கையும் வாரிக்கொண்டு கீழே போய்விட்டார். ஜேக் சிரித்துக்கொண்டே கையைத் துடைத்தான். "என்னமோ சொல்ல வந்தயே கண்ணு" என்று கேட்டேன். "அது கிடக்குதுங்கம்மா, பொறவு சொல்றேன்" என்று எழுந்துவிட்டான். கை வேலை போய்விட்டது. வாயும் மூடிவிட்டது. இந்த மனுசனைக் கட்டிக்கொண்டு நான் பட்ட பாடெல்லாம் ஒரு தட்டு என்றால், அன்றைக்கு அவர் மாடியேறி வந்தது ஒரு தட்டு.

அந்த வாரம் முழுக்க அவர் கார் நிறுத்துகிற இடத்தில் பாயை விரித்து உட்கார்ந்துவிட்டார். போர்டைத் தின்னரில் கழுவினார். தகர டின்னுக்குள் குண்டு பல்பைத் தொங்கவிட்டு, பட்டறையில் காயிலைக் காயவைக்கிற மாதிரி, அந்தச் சூட்டில் ஈரம் போகக் காயவைத்தார். அதன் பிறகு காயிலுக்குப் பூசுகிற வைண்டிங் வார்னிஷில் முக்கினார், திரும்பக் காயவைத்தார், திரும்ப முக்கினார். பட்டையின் மேல்முனையில் பொடிப்பொடியாகச் சாமான்கள் இருக்கிற இடத்துக்கும் வார்னிஷ். ஒயர் ஜாயின்டில் ரப்பர் டேப்பை இழுத்து இழுத்துச் சுற்றி, அதன்மேல் இன்னொரு டேப், அதன்மேலும் வார்னிஷ். ஜேக்கின் பெட்டிகளைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டு, பிவிசி பைப்பை முழ நீளத்துக்கு அறுத்து, பட்டையும் சோலார் தகடும் மட்டும் வெளியே நிற்க மற்ற எல்லாவற்றையும் உள்ளே இறக்கி, சூடு ஆறுவதற்குள் இரண்டு பக்கமும் மூடி போட்டுப் பைப் பசையால் ஒட்டிவிட்டார்.

"இனி ரம்பத்துல அறுத்தாத்தான் உண்டு" என்றார்.

"உங்க கைய வெச்சுட்டு சும்மா இருக்க முடியாதுங்களா?" என்று கேட்டேன்.

"ஒழுகற சாமானைப் பாத்துட்டு என்னால இருக்க முடியாது."

ஒழுகினால்தான் பிள்ளை வருவான் என்கிற கணக்கு இந்தத் தலைக்குள் ஏறாது. வார்னிஷ் நிறைய ஏறும்.

ஐப்பசி மழை அடித்து ஊற்றியது. சிங்காநல்லூர் குளம் ததும்பி நின்றது. எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர். மாடியில் நான்கு பைப்பும் பிள்ளையைக் கொன்ற பாவிகள் மாதிரி அசையாமல் நின்றன. நான் உப்புத் தண்ணீரை மேலே ஊற்றினேன். வெந்நீர் ஊற்றினேன். செருப்புக் காலால் ஓர் உதை விட்டேன், விரல்தான் வீங்கியது. சுத்தியலால் உடைக்கலாம், ஆனால் அதற்குக் கண்டென்சேஷன் என்று பெயர் வைக்க முடியாதே.

ஜேக் போன் செய்தான். "அப்பா, சூப்பருங்கப்பா! ஒரு ரீடிங்கூட விடலீங்க. எங்க ஆபீஸ்ல போட்டோ காட்டினேன், அத்தனை பேரும் அசந்துட்டாங்க."

இவர் அன்றைக்கு முழுக்க மேல்துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் நடந்தார். ஞாயிற்றுக்கிழமை வந்தது. சலவைச் சட்டையைப் போட்டுக்கொண்டு கேட்டுப் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்தார். பன்னிரண்டு மணிக்கு உள்ளே வந்தார்.

"ஏன் விமலா, பையன் இன்னைக்கு வரலையா?"

"வந்து என்ன பண்றதுங்க? அதான் நீங்க எல்லா வேலையும் முடிச்சுப்போட்டீங்களே."

அவர் சோற்றில் கைவைத்தார். கறியைத் தொடவில்லை. இரண்டு ஞாயிற்றுக்கிழமை இப்படிப் போன பிறகு, அவரும் சும்மா சும்மா மாடிக்குப் போய் அந்தப் பைப்புகளைப் பார்த்துவிட்டு வருவதைக் கவனித்தேன். தான் போட்ட ஜாயின்ட் எப்போது ஒழுகும் என்று காத்திருக்கிற மனுசனை முதல்முறையாகப் பார்த்தேன். அது ஒழுகித் தொலைக்கவில்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் ஜேக்கும் லின்சியும் வந்தார்கள். லின்சி கையில் ஸ்வீட் பாக்ஸ். காரணமில்லாமல் இந்த வீட்டுக்கு யார் ஸ்வீட் கொண்டுவருகிறார்கள்?

"நெதர்லாந்துங்கம்மா. மூணு வருசம். ஜனவரில கிளம்பறோம்" என்றான். இந்த முறை கையில் வேலை எதுவும் இல்லை. அதனால் காபி டம்ளரைச் சுற்றிக்கொண்டே இருந்தான். "அப்பவே சொல்லோணும்னு இருந்தேன். நீங்க ரெண்டு பேரும் இங்க தனியா... சரி, சென்சார் நல்லா நிக்கட்டும், பொறவு சொல்லிக்கலாம்னு பாத்தேன். அதுவும் கெட்டுக் கெட்டுப் போச்சா, தள்ளிப்போட்டுட்டே வந்தேன். இப்ப அப்பா பக்காவா செஞ்சுட்டாருங்க. அங்க இருந்தே பாத்துக்குவேன்."

என் மகன் அடி முட்டாள் என்பது எனக்கு முன்பே தெரியும். கோழை என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. அம்மாவிடம் போகிறேன் என்று சொல்ல வாய் வராமல், கத்திரிச்செடியின் ஈரத்தை வைத்து நாள் பார்த்திருக்கிறான். எதை அங்கிருந்து பார்த்துக்கொள்வான்? மிளகாய்ச் செடியின் வேரையா? நான் போட்ட ஒவ்வொரு ஸ்பூன் உப்புத் தண்ணீரும் அவனை ஒரு வாரம் இங்கே நிறுத்தி வைத்திருந்தது. அது தெரியாமலே போட்டிருக்கிறேன். தெரிந்திருந்தால் குடத்தோடு ஊற்றியிருப்பேன்.

இவரைத் திரும்பிப் பார்த்தேன். ஸ்வீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, வாயில் போடாமல் உட்கார்ந்திருந்தார்.

போனார்கள். முதல் மாதம் மண் காய்ந்தால் ஜேக் போன் செய்வான். "அம்மா, ரோஜா முப்பதுக்குக் கீழ போயிருச்சுங்க, ஊத்துங்க" என்பான். அந்தச் சாக்கில் இரண்டு வார்த்தை பேசுவேன். வாளியில் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு, மண் காயட்டும் என்று நான் காத்திருந்த நாட்கள் உண்டு. செடிக்குத் துரோகம்தான், வேறு என்ன செய்ய?

பிறகு அந்தப் புத்திசாலி அதற்கும் ஒரு புரோகிராம் எழுதிவிட்டான். மண் காய்ந்தால் என் போனுக்குத் தானாகவே மெசேஜ் வரும். "ரோஜா: தண்ணீர் தேவை." பக்கத்தில் ஒரு பூ பொம்மை. முதல் மெசேஜைப் பார்த்து ஏமாந்துபோய், "சாப்ட்டியா கண்ணு?" என்று பதில் அனுப்பினேன். "ரோஜா: தண்ணீர் தேவை" என்று திரும்ப வந்தது. பெற்ற தாயிடம் பேச ஒரு மிஷினைச் சம்பளமில்லாமல் வேலைக்கு வைத்திருக்கிறான் என்று அப்போதுதான் தெரிந்தது. மாசி முழுக்க எனக்கு வந்ததெல்லாம் பூ பொம்மைதான்.

பங்குனியில் ஒரு நாள், வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. பதினொன்றரை மணி இருக்கும். காயப்போட்ட மிளகாயை எடுக்க மாடிக்குப் போனேன். இடுப்பில் செருகியிருந்த போன் நான்கு முறை கத்தியது. கத்திரி: தண்ணீர் தேவை. மிளகாய்: தண்ணீர் தேவை. ரோஜா. கறிவேப்பிலை.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. "தண்ணிதான வேணும்? இந்தா!" என்று நான்கு பைப்பையும் வேரோடு பிடுங்குகிற மாதிரி பிடுங்கினேன். மூலையில் வாளி நிறையத் தண்ணீர் இருந்தது. நான்கு பட்டைகளையும் கொத்தாக அதற்குள் செருகினேன். பைப்புகள் வாளி விளிம்பில் சாய்ந்து நின்றன. அந்தக் கருஞ்சிவப்பு நெயில் பாலிஷ் ஓரம் வார்னிஷுக்கு அடியில் இன்னும் மங்கலாகத் தெரிந்தது.

மிளகாயை முறத்தில் அள்ளிக்கொண்டு நான் படிக்குப் போவதற்குள் போன் அடித்தது. மெசேஜ் இல்லை. போன்.

"அம்மா! என்னங்கம்மா ஆச்சு? நாலு தொட்டியும் நூறு காட்டுது! அங்க மழைங்களா? மாடில தண்ணி நிக்குதா? வழுக்கி எங்கயும் உழுந்துராதீங்க!"

தூக்கத்திலிருந்து எழுந்த குரல். பின்னால் லின்சி என்னவோ கேட்பது காதில் விழுந்தது. மாடிச் சிமெண்ட் என் கால்களைச் சுட்டது. மேலே ஒரு பொட்டு மேகம் கிடையாது. முறத்தைக் கீழே வைத்தேன்.

"ஆமாங் கண்ணு" என்றேன். "நல்ல மழை."

"வெதர்ல ஒண்ணும் காட்டலீங்களே?"

"உன்ற வெதருக்கு சிங்காநல்லூரு எங்க இருக்குதுன்னு தெரியுமாக்கும்!"

சிரித்தான். எத்தனை நாளாயிற்று அந்தச் சிரிப்பைக் கேட்டு! "சாப்ட்டீங்களாம்மா? அப்பா எங்கீங்க?" என்று கேட்டான்.

அப்பா எனக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தார். துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, நான் போட்ட சத்தத்தைக் கேட்டு ஏறி வந்திருப்பார் போல. வாளியைப் பார்த்தார். தன் கையால் ஒட்டிய நான்கு பைப்பையும் பார்த்தார். கண்ணைச் சுருக்கி வானத்தைப் பார்த்தார். கடைசியாக என்னைப் பார்த்தார். வாயைத் திறந்தால் நாறடித்துவிடுவார் என்று நினைத்தேன். போனைக் கேட்டுக் கையை நீட்டினார்.

"ஆமாஞ்சாமி" என்றார். "ஓயவே மாட்டேங்குது. நீ போனை வெச்சுராத. மழை உடற வரைக்கும் பேசிட்டிரு."